மாடர்ன் கன்ட்ரோலைப் போட்டியில் விடலாமா? சண்டை கேம்களைப் புதியவர்களுக்காக இளக்குவது பற்றி

குடமுருட்டி (தஞ்சாவூர்)

வணக்கம் மக்களே. மெடிக்கல் காலேஜ் ரோடு பக்கம் சின்னதாக ஒரு கேம் சென்டர் நடத்துகிறேன் என்பது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மே மாதக் கடைசியில், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன், ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ல் ஒரு போட்டி வைக்கலாம் என்று இருக்கிறேன். பெரிய பரிசெல்லாம் இல்லை. ஜெயிப்பவருக்கு ஒரு கோப்பை, வருகிற எல்லோருக்கும் மதியச் சாப்பாடு.

இப்போதே தகராறு தொடங்கிவிட்டது. பழைய கோஷ்டி, "மாடர்ன் கன்ட்ரோலில் ஆடுகிறவனைச் சேர்த்தால் நாங்கள் வரமாட்டோம்" என்கிறது. புதிதாக வருகிற பையன்களுக்கோ மாடர்னைத் தவிர வேறெதுவும் தெரியாது.

விஷயம் தெரியாதவர்களுக்காக: இந்த கேம் 2023 ஜூனில் வந்தபோது மூன்று விதக் கன்ட்ரோலோடு வந்தது. கிளாசிக் என்பது ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்த 1991-லிருந்து ஆடிவரும் ஆறு பட்டன் முறை. ஹடூக்கன் என்கிற ஒளிப்பந்தைப் போட கீழ், கீழ்-முன், முன் என்று கட்டைவிரலை உருட்டிக் குத்து பட்டனை அழுத்த வேண்டும். மாடர்னில் ஸ்பெஷல் பட்டனை ஒரு தட்டு தட்டினால் போதும், ஹடூக்கன் போய்விடும். ஆனால் அப்படிப் போகும் ஸ்பெஷலுக்கு அடி 20 சதவீதம் குறைவு. மூன்றாவது டைனமிக். அதில் கண்டமேனிக்குக் குத்தினாலும் கேமே பார்த்து ஆடிக்கொள்ளும். அது ஆன்லைனிலேயே கிடையாது, இங்கேயும் வேண்டாம்.

மாடர்னை விடலாமா, கூடாதா? அப்புறம் பொதுவாகவே, புதியவர்களுக்காக இந்த கேம்களை இப்படி இளக்கிக்கொண்டே போவது சரிதானா? மனதில் பட்டதைச் சொல்லுங்கள். கெட்ட வார்த்தை வேண்டாம், என் தங்கை மகனும் இதைப் படிக்கிறான்.

பாமணிக்கரை (மன்னார்குடி)

விடக்கூடாது.

எங்கள் ஊரில் ஹரித்ராநதிக் கரையில் ஒரு வீட்டு முன்னறையில் இரண்டு பிளேஸ்டேஷனை வைத்து வாடகைக்கு விட்டார்கள். டெக்கன் 3 என்கிற சண்டை கேம் அப்போதே உலகத்துக்குப் பழையது, எங்களுக்குப் புதுசு. அங்கே ஒரே சட்டம்தான்: தோற்றால் ரிமோட்டைக் கொடுத்துவிட்டு எழுந்திரு. காசு கொடுத்த நேரம் மிச்சம் இருந்தாலும் வரிசையில் கடைசிக்குப் போ. அந்த வரிசையில் நின்று அடுத்தவன் விரலைப் பார்த்துப் பார்த்துத்தான் கற்றோம். அதில் வரும் மிஷிமா குடும்பத்தின் எலக்ட்ரிக் குத்து இருக்கிறதே, கடைசி திசையும் குத்து பட்டனும் ஒரே ஃபிரேமில் விழ வேண்டும். ஒரு நொடிக்கு 60 ஃபிரேம். அதில் ஒன்று. பிசகினால் சாதாரணக் குத்து வரும், திருப்பி அடி வாங்குவோம். அது கைக்கு வந்த அன்றைக்கு வீட்டில் யாரிடமும் சொல்ல முடியவில்லை, சொன்னாலும் புரியாது. ஆனால் தெருவில் நடையே மாறிப்போனது.

இதை விடுங்கள், பெருமைக்காகச் சொல்கிறேன் என்பீர்கள். நியாயத்தையே பேசுவோம். எதிராளி குதித்து வருகிறான். கிளாசிக்கில் ஷோர்யூக்கன் (எகிறிக் குத்துவது) போட நான் முன், கீழ், கீழ்-முன் என்று போக வேண்டும். முன்னால் தள்ளிய அந்த நொடியே பிளாக் போய்விட்டது, ஏனென்றால் பிளாக் என்பது பின்னால் பிடிப்பது. அதாவது நான் ஒரு பணயம் வைக்கிறேன். மாடர்னில் முன் பட்டனும் ஸ்பெஷலும் ஒரு தட்டு, வேலை முடிந்தது. கடைசிக் கணம்வரை காத்திருந்து பார்த்துவிட்டு அடிக்கலாம். சூப்பர் என்கிற பெரிய அடியும் அப்படித்தான், இரண்டு பட்டன். இந்த வசதிக்கு 20 சதவீதம் விலையே இல்லை. அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

டிகிரிகாபி (கும்பகோணம்)

அண்ணா, நான் மாடர்ன் ஆள். ஒளித்து மறைக்க ஒன்றுமில்லை.

நீங்கள் அந்தப் பக்கத்துக் கணக்கை மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். மாடர்னில் சாதாரண அடிகள் பல கிடையவே கிடையாது. நீங்கள் எடுக்கிற கேரக்டர் கென்னுக்கு நின்றபடி, குனிந்தபடி ஆறு ஆறு அடி இருக்கிறது. எனக்கு அதில் பாதிதான் கைக்கு எட்டும். எந்தத் தூரத்தில் எதைப் போட்டால் எட்டும் என்பதுதான் இந்த ஆட்டத்தில் முக்கால்வாசி. அதில் நான் கையைக் கட்டிக்கொண்டு ஆடுகிறேன். இன்னொன்று, மாடர்னிலும் விரலை உருட்டிப் போட்டால் முழு அடி விழும். நான் இப்போது ஹடூக்கனை உருட்டித்தான் போடுகிறேன், ஷோர்யூக்கனை மட்டும் தட்டுகிறேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை, அடி குறைவது எரிச்சலாக இருந்தது, அவ்வளவுதான்.

கஷ்டமான இன்புட்தான் திறமை என்பவர்களிடம் ஒரு கேள்வி. 2004-ல் எவோ என்கிற பெரிய சண்டை கேம் போட்டியில் டைகோ உமெஹாராவும் ஜஸ்டின் வோங்கும் ஆடிய ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3 ஆட்டம், எல்லோரும் பார்த்திருப்பீர்கள். டைகோவின் கென்னுக்கு உயிர் ஒரு கோடுகூட இல்லை. பிளாக் செய்தாலும் அந்தக் கசிவிலேயே செத்துவிடுவார். வோங்கின் சுன்-லி சூப்பரைப் போடுகிறார், 15 உதை. ஒவ்வொன்றையும் டைகோ பாரி செய்து, அதாவது தட்டிவிட்டு, திருப்பி அடித்து ஜெயிக்கிறார். அந்த பாரிக்கு இன்புட் என்ன? முன்னால் ஒரு தட்டு. உருட்டல் இல்லை, பட்டனே இல்லை. சண்டை கேம் சரித்திரத்திலேயே அதிகம் பேசப்பட்ட அந்தச் சில நொடிகளை என் தம்பியின் விரலும் செய்துவிடும். எப்போது தட்டுவது என்பதுதான் வராது.

சும்மா_பார்க்கிறேன்

முஸ்தபா கேம் (கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்) ஆடிய காலம்தான் காலம். யாருக்கும் யாரோடும் சண்டை கிடையாது, எல்லோரும் சேர்ந்து வில்லனை அடித்தோம்.

பட்டுக்கோட்டை_கைல் (இப்போது சிங்கப்பூர்)

முஸ்தபாவில் சண்டை இல்லையா? தரையில் கிடக்கிற சாப்பாட்டை யார் எடுப்பது என்று எத்தனை நட்பு முறிந்திருக்கிறது!

சரி, விஷயத்துக்கு வருகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

"எளிதாக்குவது" என்று ஒரே மூட்டையில் இரண்டு வேறு சமாச்சாரங்களைக் கட்டிவைத்துப் பேசுகிறோம். ஒன்று, கை வேலையைக் குறைப்பது. இன்னொன்று, மூளை வேலையைக் குறைப்பது. முதலாவது பல வருடமாக நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4-ல் ஒரு ஃபிரேம் லிங்க் இருந்தது, அடுத்த அடியைச் சரியாக அறுபதில் ஒரு நொடியில் அழுத்த வேண்டும். 2016-ல் 5 வந்தபோது அதை மூன்று ஃபிரேமாக அகலமாக்கினார்கள். அப்போதும் "கேம் செத்தது" என்று கூப்பாடு போட்டார்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் செய்யும் கேப்காமே 2002 வாக்கில் கேம்க்யூப் மெஷினுக்குக் கொண்டுவந்த கேப்காம் வெர்சஸ் எஸ்என்கே 2-ல் குச்சியை ஒரு பக்கம் தள்ளினாலே ஸ்பெஷல் வரும்படி ஒரு முறை இருந்தது. மாடர்ன் வானத்திலிருந்து குதித்ததல்ல.

அதைவிட வேடிக்கை, நாம் உயிரைக் கொடுத்துப் பழகுகிற காம்போவே (தடுக்க இடம் தராமல் அடுத்தடுத்து விழும் அடிகள்) ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ல் திட்டமிட்டு வைத்ததில்லை. காரை உடைக்கிற போனஸ் கட்டத்தில் பிழை தேடிக்கொண்டிருந்தபோது, ஓர் அடி முடிவதற்குள் அடுத்த அடியைச் சேர்க்க முடிகிறது என்று அதன் தயாரிப்பாளர் ஃபுனமிஸு கவனித்தார். பழகுவது கஷ்டம், யாருக்கும் பெரிதாகப் பயன்படாது என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டார்கள். இன்றைக்கு அதுதான் புதியவனை வாசலில் நிறுத்துகிறது.

இப்போது இரண்டாவது வகை. டெக்கன் 8-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், 2024 ஜனவரியில் வந்தது. அதிலும் ஸ்பெஷல் ஸ்டைல் என்று ஒரு பட்டன் இருக்கிறது, ஆட்டத்தின் நடுவிலேயே போட்டு அணைத்துக்கொள்ளலாம். அதைப் பற்றி யாரும் பெரிதாக அலுத்துக்கொள்ளவில்லை. கோபம் வந்தது ஹீட் மேல். ஹீட்டைப் போட்டால் சுமார் 10 நொடிக்கு பிளாக் செய்தாலும் உயிர் குறையும், அடிக்கிறவன் மேலே மேலே வந்துகொண்டே இருப்பான், தடுக்கிறவன் இடதா வலதா என்று குருட்டாம்போக்கில் ஊகிக்க வேண்டும். 2025 ஏப்ரலில் இரண்டாம் சீசன் வந்து அதை இன்னும் ஏற்றிவிட்டது. ஸ்டீம் என்கிற ஆன்லைன் கேம் கடையில் விமர்சனம் சிவப்பாகி, தயாரித்தவர்களே அவசரமாகத் திருத்தம் போட வேண்டியதாயிற்று. கவனியுங்கள், அங்கே பட்டன் குறையவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட அடிகள் ஒவ்வொருவருக்கும் அப்படியே இருக்கின்றன. பின்வாங்கி, விலகி, எதிராளியின் தவறுக்குக் காத்திருந்து தண்டிக்கிற வழிதான் குறைந்தது. பாமணிக்கரை அண்ணன் பயப்பட வேண்டியது இதற்கு. மாடர்ன் பட்டனுக்கு அல்ல.

பாமணிக்கரை

டெக்கன் 8 பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, நானே திட்டிக்கொண்டுதான் ஆடுகிறேன். ஆனால் கை வேலையும் மூளை வேலையும் அப்படிக் கத்தியால் வெட்டினாற்போல் பிரியாது தம்பி. கை வராமல் போகலாம் என்கிற பயமே ஒரு கணக்குதான். எதிராளிக்கு உயிர் கொஞ்சம்தான் இருக்கிறது, கஷ்டமான காம்போ போட்டால் முடியும், சறுக்கினால் நான் போனேன், சின்னதைப் போட்டுத் திரும்பவும் காத்திருக்கலாமா? இந்த யோசனை, மாடர்னில் காம்போவைத் தானாகப் போட்டுத் தரும் அசிஸ்ட் பட்டனைப் பிடித்துக்கொண்டே தட்டுகிறவனுக்கு வருமா? அவனுக்கு எப்போதும் வரும், எப்போதும் ஒரே மாதிரி வரும்.

டிகிரிகாபி

ஒரே மாதிரி வரும் என்பதுதான் அண்ணா அதன் பலவீனமும். என் அசிஸ்ட் காம்போ எப்படி முடியும் என்று மூன்றாவது ஆட்டத்தில் என் எதிராளிக்கே மனப்பாடம். எழுந்திருக்கும்போது என்ன செய்வேன் என்று தெரிந்து காத்திருப்பான்.

நீங்கள் சொன்ன பணயக் கணக்கு நல்ல கணக்குதான், நான் மறுக்கவில்லை. அதை ரசிக்கிற இடத்துக்கு வந்து சேர்வதற்குள் பத்தில் ஒன்பது பேர் போய்விடுகிறார்களே, அவர்கள் வேறு எந்தக் கணக்கையும் பார்க்கவில்லையே என்பதுதான் என் கவலை.

கடைமடை (வேதாரண்யம்)

நாங்கள் எல்லாம் வாய்க்காலில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு நீச்சல் பழகினவர்கள். குடுக்கையோடு இறங்கினவனைப் பார்த்து எவனும் "நீ நீந்தவில்லை" என்று சொன்னதில்லை. தண்ணீருக்குள் இறங்கினானா என்பதுதான் பேச்சு. குடுக்கையை எப்போது கழற்றுவது என்பது அவனவன் தைரியம்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. பட்டனைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள், ஆள் எங்கே? என் பிரச்சினை ஹடூக்கன் இல்லை. எங்கள் பக்கம் இருந்த ஒரே கேம் சென்டர் 2018 நவம்பரில் கஜா புயலில் கூரை போய் மூடியது, திரும்பத் திறக்கவேயில்லை. வீட்டில் தனியாக ஆன்லைனில் ஆடுகிறேன். எதிரே வருகிறவன் இந்த மாதிரி கேம்களைப் பத்து வருடமாக ஆடுகிறவன். அடித்துப் போட்டுவிட்டுப் போய்விடுவான். எதனால் தோற்றேன் என்று சொல்ல ஆளில்லை. ஒற்றைப் பட்டனில் சூப்பர் வந்தாலும் அந்தத் தோல்வி அதேதான்.

லாகூரைப் பாருங்கள். அர்ஸ்லான் ஆஷ் 2019-ல் ஜப்பான் எவோவையும் அமெரிக்க எவோவையும் டெக்கன் 7-ல் அடித்தார். அதற்கு முன் பாகிஸ்தானை யாரும் கணக்கிலேயே வைத்ததில்லை. அவருக்கு யாரும் கேமை எளிதாக்கிக் கொடுக்கவில்லை. அங்கே ஆர்கேடுகளில் கூட்டம் இருந்தது, ஒருவரை ஒருவர் போட்டு அடித்துக்கொண்டே வளர்ந்தார்கள். 2023 எவோவில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-க்கு மட்டும் 7,000 பேருக்கு மேல் பெயர் கொடுத்தார்கள். ஜெயித்தது அமீரகத்து ஆங்க்ரிபேர்ட். நம் ஊர்க்காரர் பாதிப் பேர் வேலைக்குப் போகிற நாடு. இந்தியாவிலிருந்தும் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 ஆட இரண்டு பேர் போனார்கள், நம் ஊரில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

அதனால் தஞ்சாவூரில் போட்டி என்றதும் எனக்கு மாடர்ன், கிளாசிக் எதுவும் காதில் விழவில்லை. எதிரில் உட்கார ஆள் கிடைக்கிறான் என்பதுதான் விழுந்தது.

பட்டுக்கோட்டை_கைல்

ஆன்லைன் விஷயத்தில் மட்டும் ஒரு ஆறுதல். முன்பெல்லாம் எதிராளியின் பட்டன் வந்து சேரும்வரை கேம் காத்திருக்கும், தண்ணீருக்குள் ஆடுவது மாதிரி இருக்கும். ரோல்பேக் வந்த பிறகு, அவர் என்ன அழுத்துவார் என்று கேம் ஊகித்து ஓடும், தவறினால் பின்னால் போய்த் திருத்திக்கொள்ளும். டோனி கேனன் என்பவர் பழைய ஆர்கேட் கேம்களை நெட்டில் ஆடுவதற்காக ஜிஜிபிஓ என்று எழுதினார், அதிலிருந்து பரவியது. புதியவனுக்கு இந்தத் தொழில் செய்த நன்மையில் எந்த எளிய பட்டனும் இதன் பக்கத்தில் நிற்காது. அதற்குப் பிறகும் நீங்கள் சொல்கிற குறை இருக்கத்தான் செய்கிறது.

பம்புசெட் (திருத்துறைப்பூண்டி)

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மோட்டார் பெல்ட்டில் மாட்டி இடது கைக் கட்டைவிரல் பாதி போனவன் நான். உருட்டல் எனக்கு வராது. பழகினால் வரும் என்று சொல்பவர்களுக்கு, உருட்ட விரல் இல்லை. பல வருடம் அடுத்தவர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். மாடர்ன் வந்த பிறகு ஆடுகிறேன். நன்றாகவே ஆடுகிறேன், தஞ்சாவூர் பசங்களுக்குத் தெரியும்.

இந்த கேமில் கண் தெரியாதவர்களுக்காக எதிராளி எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதைச் சத்தத்தில் சொல்கிற வசதிகூட இருக்கிறது. அதை யாரும் ஏமாற்று வேலை என்று சொல்லிக் கேட்டதில்லை.

பாமணிக்கரை

அண்ணே, உங்களை யார் தடுத்தார்கள்? உங்களைப் போன்றவர்களுக்கு விதிவிலக்கு கொடுத்துவிடலாம். அதற்கு யாரும் மறுப்புச் சொல்லமாட்டார்கள்.

பம்புசெட்

வாசலில் நின்று விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே வர வேண்டுமா? இல்லை, டாக்டர் சீட்டு கொண்டுவர வேண்டுமா? எனக்கு அது வேண்டாம் தம்பி. எல்லோருக்கும் உண்டு என்றால் வருகிறேன். இல்லையென்றால் வழக்கம்போல வீட்டிலேயே ஆடிக்கொள்கிறேன்.

டிகிரிகாபி

இதைப் படித்ததும் ஞாபகம் வந்தது. ஸ்மாஷ் பிரதர்ஸ் செய்த மசாஹிரோ சகுராய், ஆர்கேடில் கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 95 ஆடும்போது எதிரில் உட்கார்ந்த ஜோடியை வெளுத்துக் கட்டிவிட்டார். பிறகு பார்த்தால் அவர்கள் அப்போதுதான் கற்றுக்கொள்ள வந்தவர்கள். முகம் வாடி எழுந்து போனார்களாம். அது உறுத்தித்தான் ஒரு திசை, ஒரு பட்டன் என்கிற யோசனைக்குப் போனதாக அவரே சொல்லியிருக்கிறார். 1999-ல் வந்தது. அதில் ஆழம் இல்லை என்று இன்றைக்கு யாராவது சொல்லிப் பார்க்கட்டும்.

பாமணிக்கரை

ஸ்மாஷ் ஒரு சண்டை கேமே இல்லை. இதைத் தனியாக வைத்துக்கொள்வோம், இல்லாவிட்டால் விடிந்துவிடும்.

பம்புசெட் அண்ணன் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. விதியாகவே போடுங்கள். ஆனால் என் ஒரு நிபந்தனை: மாடர்னில் ஆடுகிறவர்கள் ஜெயித்தால் "கிளாசிக் எல்லாம் வீண் வேலை" என்று அந்தப் பக்கம் பேசக்கூடாது. எங்களைக் கிழவன் என்று சொல்வது நடக்கிறது, நேரில் கேட்டிருக்கிறேன்.

குடமுருட்டி

எல்லாவற்றையும் படித்தேன். இரண்டு மூன்று முடிவு எடுத்திருக்கிறேன்.

மாடர்ன், கிளாசிக் இரண்டும் உண்டு, யாரும் காரணம் சொல்ல வேண்டாம். அதே கேப்காம் தன் சொந்தப் போட்டிகளிலேயே அனுமதிக்கும்போது நான் மட்டும் நாட்டாமை பண்ணுவது நன்றாக இருக்காது. இரண்டு முறை தோற்றால்தான் வெளியே. வேதாரண்யத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவர் ஒரே ஆட்டத்தில் கிளம்பும்படி ஆகக்கூடாது.

கடைமடை சொன்னது மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. அதனால் ஒரு பிஎஸ் 4-ஐ போட்டியில் சேர்க்காமல் ஓரமாக வைக்கிறேன். அங்கே தோற்றவன் எழுந்திருக்க வேண்டியதில்லை. பழைய ஆட்களில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஆட்டம் முடிந்ததும் ரீப்ளேவைப் போட்டு எங்கே அடி வாங்கினார் என்று காட்ட வேண்டும். காம்போ எதுவும் சொல்லிக் கொடுக்காதீர்கள். குதித்து வருகிறவனை அடிப்பது, குனிந்து பிளாக் செய்வது, த்ரோவிலிருந்து (பிடித்து எறிவது) தப்பிப்பது, டிரைவ் இம்பாக்ட் என்கிற கனத்த அடி வந்தால் திருப்பிப் போடுவது. இது நான்கும் வந்தால் அந்தப் பையன் அடுத்த மாதமும் வருவான். டிரைவ் இம்பாக்ட் வர 26 ஃபிரேம் ஆகிறது, அரை நொடிக்குக் கொஞ்சம் குறைவு. கண்ணால் பார்த்துத் திருப்பலாம் என்று ஒரு முறை காட்டினாலே முகம் மலர்ந்துவிடும்.

அந்த ஓர மெஷினுக்குப் பாமணிக்கரை அண்ணன் பெயரைப் போட்டிருக்கிறேன்.

பாமணிக்கரை

என்னைக் கேட்காமலா?

சரி. காலையில் மட்டும். மதியம் என் ஆட்டம் இருக்கிறது.

கடைமடை

சொந்த ரிமோட் கொண்டுவரலாமா? சாயங்காலம் ஆறு மணிக்குள் முடித்துவிடுங்கள், அதற்குப் பிறகு எங்கள் பக்கம் நேர் பஸ் கிடையாது.

குடமுருட்டி

கொண்டுவாருங்கள். வயர் உள்ளதாக இருந்தால் நல்லது, புளூடூத் ரிமோட் பக்கத்து மெஷினோடு போய் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்குகிறது. கரன்ட் போனால் இன்வெர்ட்டர் ஒரு மணி நேரம் தாங்கும்.

புதுசு_நான் (பாபநாசம்)

வணக்கம். இதுவரை மொபைலில் ஷேடோ ஃபைட் மட்டும்தான் ஆடியிருக்கிறேன். போட்டிக்குப் பெயர் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். எந்த கேரக்டர் எடுப்பது?

பாமணிக்கரை

ரியூ. கிளாசிக். ஹடூக்கனில் தொடங்கு, மற்றது தானாக வரும்.

டிகிரிகாபி

லூக், மாடர்ன். இரண்டு மணி நேரத்தில் ஆட ஆரம்பித்துவிடலாம். அண்ணன் பேச்சைக் கேட்காதீர்கள்.

பட்டுக்கோட்டை_கைல்

பெயரைப் பார்த்தால் என் பதில் தெரியும். ஆனால் கைல் வேண்டாம், பின்னால் பிடித்துக்கொண்டே பொறுமையாக நிற்க வேண்டும். முதல் கேரக்டருக்கு அது தண்டனை.

புதுசு_நான்

எல்லா வீடியோவையும் பார்த்தேன். ஸாங்கீஃப் எடுக்கிறேன். தூக்கிச் சுழற்றி அடிக்கிறாரே, அது பிடித்திருக்கிறது.

பாமணிக்கரை

அதற்குக் கட்டைவிரலால் முழு வட்டம் சுற்ற வேண்டும் தம்பி! கிளாசிக்கில் அது ஒரு வருடத்து வேலை.

கொஞ்ச நாளைக்கு மாடர்னிலேயே ஆடு.

டிகிரிகாபி

இந்த வரியைப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.